பிணை

ஹட்டன் வங்கியில் முதல் கேள்வி
காணி உறுதி இருக்கா என்பது.
உறுதியாத்தான் வந்திருக்கேன் என்று
நாக்கு நுனிவரை வந்ததை
விழுங்கிக்கொண்டேன்.
பணிய லயம், ஏழாம் காம்பரா.
பிறந்ததும் அங்கே, பிள்ளை பெற்றதும் அங்கே.
கூரைத் தகரம் கம்பெனிக்கு,
ஒழுகுவது எங்களுக்கு.

இரண்டு பசுவுக்கு நாலு லட்சம் கேட்டேன்.
அரசாங்கச் சம்பளக்காரர் இரண்டு பேர்
பிணை நிற்கணும் என்றார்கள்.
எனக்குத் தெரிந்த அரசாங்கம்
தபால்கார ரெங்கையா,
கணக்கு டீச்சர் சுகிர்தமலர்.
டீச்சர் ஏற்கெனவே மூன்று பேருக்குப் பிணை,
அதில் ஒருத்தர் கட்டாருக்குப் போய்
போன் நம்பரை மாற்றிவிட்டார்.
"நாலாவதா உனக்கும் கையெழுத்து வெச்சா
என் சம்பளம் என்னையே தேடும்."
தேத்தண்ணி தந்துதான் அனுப்பினார்.

கால்நடை வைத்திய அலுவலகத்தில்
மானியத்துக்குப் படிவம் உண்டு,
சிங்களத்தில்.
நிலந்தி என்ற பெண் நிரப்பித் தந்தாள்.
அவள் பேனையில் ஏறி இறங்கியதில்
புஷ்பகாந்தி புஷ்பகாந்த ஆகி
நான் ஆம்பிளையாகிவிட்டேன்.
அடையாள அட்டையோடு பொருந்தவில்லை என்று
மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தது.

டொக்டர் சின்ன வயசு.
மாடு வளர்த்ததுண்டா என்று கேட்கவில்லை,
புல் எங்கே என்று கேட்டார்.
"மாடு ஒரு நாளைக்கு நாற்பது கிலோ தின்னும்.
கடனைத் தின்னாது."

புல்லுக்கு இடம் கேட்டுத் துரையிடம் போனேன்.
தேயிலை நிலத்தைத் தொடக்கூடாது என்றார்.
செத்த தேயிலையை?
கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார்.
மண் சரிந்து செடி விட்டுப்போன
பதினைந்தாம் நம்பர் மலையில்
கான் ஓரம் ஒரு துண்டைக் கையால் காட்டினார்.
கடிதம் தரவில்லை.
காட்டிய கையை
எந்த வங்கியில் கொண்டுபோய் வைப்பது?

ஞாயிறுகளில் புல் நட்டேன்.
கொழும்பில் கடையில் நிற்கிற என் வீட்டுக்காரர்
போனில் சொன்னார்:
மாடில்லாமல் புல் வளர்க்கிறவளை
இந்த மலையே பார்த்ததில்லை.

புல் இடுப்புக்கு வந்தது.
அதைக் கண்டுதான் ஏறி வந்தார்
கீழ்க் கிராமத்து ஹீன்பண்டா,
வெட்டுக்கத்தியோடு, விலைக்குக் கேட்டு.
முழங்கால் போன மனிதர்.
கொட்டிலில் ஒரு ஜெர்சிக் கிடேரி,
விலா எண்ணலாம்.
புல்லை விற்கமாட்டேன்,
கிடேரியை இங்கே கட்டுங்கள் என்றேன்.
என் சிங்களம் அரை, அவர் தமிழ் கால்.
முக்காலில் பேசி முடித்தோம்:
முதல் கன்று அவருக்கு, அடுத்தது எனக்கு,
பால் பாதி.
பத்திரம் இல்லை, வெற்றிலை மட்டும்.

முதல் கன்று பெட்டை.
சிவப்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி.
அவர் கயிற்றைப் பிடித்து இறக்கத்தில் கூட்டிப்போன அன்று
அடுப்படியில் வேலை இருப்பதாக
இருந்துவிட்டேன்.

நாலரைக்குக் கறவை,
ஆறரைக்குப் பெரட்டு,
இடையில் பால் லொறி.
லிட்டர் ஆறு, கொழுப்பு மூன்று தசம் எட்டு.
அவன் கிழித்துத் தரும் துண்டுகளை எல்லாம்
பிஸ்கட் தகரத்தில் போட்டுவைத்தேன்.

நேற்று மறுபடி ஹட்டன்.
மேசையில் தகரத்தைக் கவிழ்த்தேன்.
புது மனேஜர் ஒவ்வொன்றாக அடுக்கினார்,
மழையில் எழுத்துப் போன ஒன்றையும் சேர்த்தே.
ஒரு லட்சம் பார்க்கலாம் என்றார்,
பார்க்கலாமை அழுத்தி.
பிணைக்கு என்ன இருக்கு?

முந்தாநாள் டொக்டர்
தோள்வரை கையுறை மாட்டிப் பார்த்து
சினை என்று சொன்னதைச் சொன்னேன்.
மூன்று மாதம்.
சிரிப்பார் என்று நினைத்தேன்.
பேனையைத் திறந்து
"காது நம்பர் என்ன?" என்றார்.

நம்பர் எனக்குப் பாடம்.
மாடுதான் இன்னும் ஹீன்பண்டாவுடையது.
இரண்டையும் சொன்னேன்.